நாற்பது கம்ப்யூட்டர், ஒரே ஒரு ஆள்: எந்த டூல் நல்லது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரத்தில் என்னவெல்லாம் செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிரிண்டருக்கு உரிய டிரைவரை இன்ஸ்டால் செய்திருப்பீர்கள். தமிழில் டைப் செய்யும் வசதி, உங்களுக்குப் பிடித்த பிரவுசர், ஆண்டி வைரஸ், பாஸ்வேர்ட், வைஃபை இணைப்பு என்று பத்துப் பதினைந்து வேலைகளை ஒவ்வொன்றாக முடித்திருப்பீர்கள். இவை எல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் கம்ப்யூட்டரின் கான்பிகரேஷன். ஒரு கம்ப்யூட்டருக்கு இதைச் செய்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நாற்பது கம்ப்யூட்டர்களுக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமை வேண்டும்?

இது பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள பெரிய சாப்ட்வேர் கம்பெனிகளின் கவலை என்று நினைத்து விடாதீர்கள். அங்கே இதற்கென்றே தனிக் குழு இருக்கிறது. கஷ்டப்படுவது திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையிலும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் உள்ள நடுத்தரத் தொழிற்சாலைகள்தான். கம்பி உருட்டும் ஆலை, வார்ப்படப் பட்டறை, கார் உதிரி பாகம் செய்யும் யூனிட் என்று எதை எடுத்துக் கொண்டாலும் முப்பது, நாற்பது கம்ப்யூட்டர்கள் இருக்கும். கணக்குப் பிரிவில் டேலி ஓடும். கேட்டில் இ-வே பில் பிரிண்ட் ஆகும். ஸ்டோர்ஸில் ஒன்று, தரப் பரிசோதனை அறையில் ஒன்று, எடை மேடையில் ஒன்று. இவை அத்தனைக்கும் பொறுப்பு ஒரே ஒருவர். "ஐ.டி. தம்பி" என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ் வைத்துக் கொண்டு மேசை மேசையாகப் போய்க் கொண்டிருப்பார்.

இந்தத் தம்பிகள் என்னைப் போன்ற சாப்ட்வேர்காரர்களைப் பார்த்தால் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, எல்லா சிஸ்டத்தையும் ஒரே இடத்தில் இருந்து பார்க்க எந்த டூல் நல்லது?" என்பதுதான். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான என் பதில். வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் உங்களுக்கும் இதில் விஷயம் உண்டு. எனவே தொடர்ந்து படியுங்கள்.

கான்பிகரேஷன் மேனேஜ்மென்ட் டூல் என்பது என்ன? ஒரு கம்ப்யூட்டர் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு பைலில் எழுதிக் கொடுத்தால், அப்படி இல்லாத கம்ப்யூட்டரை அப்படி ஆக்கும் சாப்ட்வேர். சாதாரண ஸ்கிரிப்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. "சுவிட்சைத் தட்டு" என்று சொன்னால், ஏற்கெனவே எரியும் விளக்கு அணைந்து விடும். "விளக்கு எரிய வேண்டும்" என்று சொன்னால், எரியாத விளக்கு எரியும், எரியும் விளக்கை யாரும் தொட மாட்டார்கள். இந்த டூல்கள் இரண்டாவது வகையில் பேசுகின்றன. அதனால் ஒரே பைலை எத்தனை முறை ஓட்டினாலும் விளைவு ஒன்றுதான்.

எல்லாக் கம்ப்யூட்டரையும் வாங்கும்போதே ஒரே மாதிரி செய்து விட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. இதற்கு நம் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கி வைக்கப்பட்டது காக்களூரில்தான். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்த லேப்டாப்களில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. லட்சக்கணக்கான மாணவர்களுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரியான பெட்டி. பிளஸ் டூ படிக்கும்போது எனக்கும் ஒன்று கிடைத்தது. ஆறு மாதம் கழித்து எங்கள் வகுப்பில் எந்த இரண்டு லேப்டாப்பும் ஒரே மாதிரி இல்லை. ஒருவன் லினக்ஸை அழித்து விட்டுப் படங்களுக்கு இடம் பிடித்திருந்தான். இன்னொருவன் வேறு விண்டோஸ் போட்டிருந்தான். மூன்றாமவனின் டிரைவர் தொலைந்து போய்ச் சத்தமே வராது. இப்படி நாள்பட நாள்பட ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் விலகிப் போவதற்கு டிரிப்ட் என்று பெயர். மாணவர் கையில் இருந்தால் அது சுதந்திரம், நல்லதுதான். தொழிற்சாலையில் அதுவே தலைவலி.

தலைவலி என்று லேசாகச் சொல்லி விட்டேன். 2017-ல் வந்த வான்னாகிரை வைரஸ் நினைவிருக்கிறதா? அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாப்ட் அந்த ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டு விட்டது. வைரஸ் பரவியது மே 12 அன்று. நடுவில் 59 நாட்கள் இருந்தன. பேட்ச் போட்டவர்கள் தப்பித்தார்கள். போடாதவர்களின் பைல்கள் பூட்டப்பட்டன. சென்னையை அடுத்த ஓரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் கார் ஆலையும் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. நாற்பது கம்ப்யூட்டர்களில் முப்பத்தொன்பதுக்குப் பேட்ச் போட்டு, ஸ்டோர்ஸ் மூலையில் உள்ள ஒன்றை மறந்திருந்தால், அந்த ஒன்றின் வழியாக உள்ளே வர அந்த வைரஸுக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, இதுபோன்ற தாக்குதல் நடந்தால் அது தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் வேண்டும். எந்த மேசையில் எந்த விண்டோஸ் ஓடுகிறது என்பதே ஒருவருடைய ஞாபகத்தில் மட்டும் இருந்தால், ஆறு மணி நேரத்தில் என்னவென்று எழுதிக் கொடுப்பது? அந்த ஒருவர் சம்பளம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று அம்பத்தூருக்கோ சிறுசேரிக்கோ போய் விட்டால்? போகத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

எந்தெந்த டூல்கள்?

இந்தத் துறையின் மூதாதை சிஎப்இன்ஜின். நார்வேயில் ஆஸ்லோ நகரில் மார்க் பர்கஸ் என்பவர் 1993-ல் எழுதினார். அடுத்து 2005-ல் பப்பெட், 2009-ல் செஃப், 2011-ல் சால்ட், 2012-ல் ஆன்சிபிள் என்று வரிசையாக வந்தன. (ஆன்சிபிள் என்பது அறிவியல் கதைகளில் வரும், எவ்வளவு தொலைவுக்கும் நொடியில் செய்தி அனுப்பும் ஒரு கருவியின் பெயர். பெயர் வைப்பதில் சாப்ட்வேர்காரர்களை மிஞ்ச ஆள் இல்லை.) விண்டோஸ் பக்கம் பார்த்தால், விண்டோஸ் 2000 காலத்தில் இருந்து குரூப் பாலிசி இருக்கிறது. இப்போது இன்டியூனும் உண்டு. நம் ஊர்த் தயாரிப்பு ஒன்றும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. ஜோஹோவின் மேனேஜ்இன்ஜின் பிரிவு டெஸ்க்டாப் சென்ட்ரல் என்று விற்று வந்த சாப்ட்வேர் அது. இப்போது எண்ட்பாயிண்ட் சென்ட்ரல் என்ற பெயரில் கிடைக்கிறது.

இவற்றை ஒப்பிட்டு எழுதுபவர்கள் எந்த மொழியில் எழுதப்பட்டது, எத்தனை ஆயிரம் சர்வர்களைத் தாங்கும் என்றெல்லாம் பெரிய அட்டவணை போடுவார்கள். கும்மிடிப்பூண்டிக்கு அந்த அட்டவணை பயன்படாது என்பது என் கருத்து. அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. கம்ப்யூட்டர் ஆஃப் ஆகியிருந்தால் டூல் என்ன செய்யும்?

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆன்சிபிளில் கட்டளை ஓர் இடத்தில் இருந்து மற்ற கம்ப்யூட்டர்களுக்குத் தள்ளப்படுகிறது. அந்தக் கம்ப்யூட்டர்களில் தனியாக ஏஜென்ட் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம் என்பது இதன் பெரிய வசதி. எழுதுவதும் எளிது. இலவசமும் கூட. ஆனால் நீங்கள் தள்ளும் நேரத்தில் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகியிருந்தால், அதை எட்ட முடியவில்லை என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். மறுபடி நீங்கள்தான் ஓட்ட வேண்டும். பப்பெட் அப்படி இல்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் அரை மணிக்கு ஒரு முறை சர்வரிடம் போய், எனக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கும். குரூப் பாலிசியும் கேட்கும் ரகம்தான். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது ஒரு முறை, பிறகு 90 நிமிடத்துக்கு ஒரு முறை, அதனுடன் அரை மணி வரை கூடுதலாகச் சேர்த்து. எண்ட்பாயிண்ட் சென்ட்ரலும் ஏஜென்ட் வைத்து வேலை செய்வதுதான்.

தொழிற்சாலை அலுவலகத்தில் மாலை ஆறு மணிக்கு அக்கவுண்ட்ஸ் பிரிவினர் கம்ப்யூட்டரை ஆஃப் செய்து விட்டு, கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். மின்சாரச் செலவுக்காக மெயின் சுவிட்சையே அணைக்கும் முதலாளிகளும் உண்டு. இரவில் ஆன்சிபிளை ஓட்டினால் பாதிக் கம்ப்யூட்டர்கள் கிடைக்காது. பகலில் ஓட்டினால் வேலை செய்து கொண்டிருப்பவர் சண்டைக்கு வருவார். எனவே மேசைக் கம்ப்யூட்டர்களுக்குக் கேட்டு வாங்கும் ரகமே சரி. மறுநாள் காலை ஆன் செய்ததும் ஏஜென்ட் தானாகவே விட்டதைப் பிடித்துக் கொள்ளும். எந்நேரமும் ஓடும் லினக்ஸ் சர்வர் ஒன்றோ இரண்டோ இருந்தால் அவற்றுக்கு ஆன்சிபிளைப் போல வசதியானது எதுவும் இல்லை. இரண்டையும் வைத்துக் கொள்வதில் தவறில்லை.

பப்பெட், செஃப் இரண்டையும் நாற்பது கம்ப்யூட்டர் உள்ள இடத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நல்ல டூல்கள்தான். ஆனால் கற்றுக்கொள்ளவே மாதக்கணக்கில் ஆகும். தவிர, அவற்றின் உரிமையாளர்கள் மாறிக் கொண்டே இருக்கிறார்கள். செஃப்பை 2020-ல் புரோகிரஸ் வாங்கியது. சால்ட்டை அதே ஆண்டு விஎம்வேர் வாங்க, விஎம்வேரையே 2023-ல் பிராட்காம் வாங்கி விட்டது. பப்பெட் 2022-ல் பெர்ஃபோர்ஸ் கைக்குப் போனது. தயார் நிலையில் உள்ள பைல்களை இனி முன்போல எல்லோருக்கும் வெளியிட மாட்டோம் என்று 2024 நவம்பரில் அந்த நிறுவனம் அறிவித்தது. உடனே பயன்படுத்துபவர்கள் கூடி ஓபன்வாக்ஸ் என்று தனிக்குடித்தனம் போய் விட்டார்கள். பெரிய கம்பெனிகள் இதைச் சமாளித்துக் கொள்ளும். நம் ஐ.டி. தம்பிக்கு இதையெல்லாம் படித்துக் கொண்டிருக்க நேரம் இல்லை.

குரூப் பாலிசிக்கு விண்டோஸ் சர்வரும் ஆக்டிவ் டைரக்டரியும் வேண்டும். அதற்கு ஆள் கணக்கில் தனி லைசென்ஸ் வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. விலை குறைவு என்று ரிச்சி தெருவில் விண்டோஸ் ஹோம் எடிஷன் போட்ட லேப்டாப்பாகப் பார்த்து வாங்கி வருவார்கள். ஹோம் எடிஷனை டொமைனில் சேர்க்க முடியாது. பிறகு ஒவ்வொன்றையும் புரோ எடிஷனுக்கு மாற்றப் பணம் கட்ட வேண்டும். ஒரிஜினல் அல்லாத விண்டோஸ் ஓடும் இடங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆக்டிவேஷனை ஏமாற்றுகிறது என்று எவனோ கொடுத்த புரோகிராமை அட்மின் உரிமையோடு ஓட்ட விட்டு, அதன் மேல் எந்த டூலை வைத்து என்ன பயன்?

சர்வர் எதுவும் இல்லாமல், விண்டோஸ் மேசைக் கம்ப்யூட்டர்கள் மட்டுமே உள்ள தொழிற்சாலைக்கு எண்ட்பாயிண்ட் சென்ட்ரல் போன்ற ஒன்றைத்தான் நான் சொல்வேன். மெனுவைக் கிளிக் செய்து வேலை செய்யலாம். விண்டோஸ் பேட்ச் மட்டுமின்றி பிரவுசர், பிடிஎப் ரீடர் போன்ற பிறருடைய சாப்ட்வேர்களுக்கும் பேட்ச் போடும். நம் ஊர் நேரத்தில் சப்போர்ட் கிடைக்கும். நம்மூர் என்பதற்காகக் கண்ணை மூடிக் கொண்டு வாங்க வேண்டாம். 2020 மார்ச்சில் இதே சாப்ட்வேரில் ஓர் ஓட்டை வெளியானது. சர்வரை இன்டர்நெட்டில் திறந்து வைத்திருந்தவர்களிடம் பாஸ்வேர்டே இல்லாமல் நுழைய அது வழி கொடுத்தது. ஜோஹோ உடனே பேட்ச் வெளியிட்டது. போடாமல் இருந்தவர்கள் மாட்டினார்கள். கசேயா என்ற அமெரிக்க டூலுக்கு 2021 ஜூலை 2 அன்று நடந்தது இன்னும் மோசம். அதன் வழியாக ஏறக்குறைய 1,500 நிறுவனங்கள் வரை பைல்களைப் பூட்டும் வைரஸ் போய்ச் சேர்ந்தது. ஸ்வீடனில் கோ-ஆப் என்ற கடைத்தொடர் சுமார் 800 கடைகளை மூட வேண்டி வந்தது. பில் போடும் மெஷின் ஓடவில்லை. எல்லாக் கதவுகளுக்கும் ஒரே சாவி செய்தால் அந்தச் சாவியை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். எந்த டூலாக இருந்தாலும் அதன் சர்வரை இன்டர்நெட்டில் நேரடியாகத் திறந்து வைக்கக் கூடாது. முதல் பேட்ச் அந்த டூலுக்குத்தான் போட வேண்டும்.

எடை மேடையைத் தொடாதீர்கள்

எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்க வேண்டும் என்று புறப்படும் இளைஞர்கள் முதலில் கை வைப்பது எடை மேடைக் கம்ப்யூட்டரில். அது பழையதாக, தூசி படிந்து இருக்கும். சில இடங்களில் விண்டோஸ் எக்ஸ்பி கூட இருக்கும். எக்ஸ்பிக்கான சப்போர்ட் 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்து விட்டது. மாற்ற வேண்டும் என்று கை துறுதுறுக்கும்.

கொஞ்சம் பொறுங்கள். எடை காட்டும் இண்டிகேட்டரில் இருந்து ஒரு சீரியல் கேபிள் அந்தக் கம்ப்யூட்டருக்கு வருகிறது. எந்த காம் போர்ட், எத்தனை பாட் வேகம், பாரிட்டி உண்டா இல்லையா என்பதெல்லாம் இரு பக்கமும் ஒத்துப் போனால்தான் எடை திரையில் வரும். புதிய கம்ப்யூட்டர்களில் சீரியல் போர்ட் இல்லை என்பதால் நடுவில் யுஎஸ்பி கன்வெர்ட்டர் ஒன்று தொங்கும். அதில் இருப்பது போலி சிப்பாக இருந்தால் ஒரு டிரைவர் அப்டேட் போதும், கதை முடிந்தது. 2014 அக்டோபரில் எப்டிடிஐ நிறுவனத்தின் புதிய டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்தபோது, போலி சிப்களின் அடையாள எண்ணையே அழித்து வைத்தது. பிறகு எதிர்ப்பு கிளம்பி அதைத் திரும்பப் பெற்றார்கள். கடையில் கன்வெர்ட்டர் வாங்கியவருக்கு அது போலி என்று எப்படித் தெரியும்?

எடை வரவில்லை என்றால் ஸ்கிராப் ஏற்றி வந்த லாரி உள்ளே போக முடியாது, கம்பி ஏற்றிய லாரி வெளியே போக முடியாது. சிறிது நேரத்திலேயே வரிசை சாலை வரை நீளும். எனவே எடை மேடை, ஸ்பெக்ட்ரோமீட்டர் போன்ற மெஷினோடு இணைந்த கம்ப்யூட்டர்களைத் தானியங்கிப் பட்டியலில் இருந்து விலக்கி வையுங்கள். இன்டர்நெட்டைத் துண்டித்து, நெட்வொர்க்கில் தனியாகப் பிரித்து, ஹார்ட் டிஸ்க்கை முழுதாக ஒரு நகல் எடுத்து வைத்து, லாரி வராத ஒரு நாளில் கையால் மாற்ற வேண்டும்.

மற்ற கம்ப்யூட்டர்களிலும் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 19 அன்று க்ரௌட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான பைல், மைக்ரோசாப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத் திரையில் நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸை கையால் எழுதிக் கொடுத்தார்கள். பிழையான பைலை 78 நிமிடங்களில் அவர்கள் திரும்பப் பெற்று விட்டார்கள். ஆனால் அதற்குள் விழுந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றை ஓர் ஆள் நேரில் போய், சேஃப் மோடில் திறந்து, அந்த பைலை அழித்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. இன்டர்நெட் வழியே நொடியில் கெடுக்கலாம், சரி செய்ய ஆள் நடக்க வேண்டும். முதலில் மூன்று கம்ப்யூட்டர்கள், அதில் ஒன்று ஐ.டி. தம்பியுடையது. இரண்டு நாள் கழித்துப் பத்து. பிறகு மீதி. எண்ட்பாயிண்ட் சென்ட்ரலிலும், இன்டியூனிலும், ஆன்சிபிளிலும் இப்படிக் குழு பிரித்து அனுப்பும் வசதி இருக்கிறது. பயன்படுத்துபவர்கள்தான் குறைவு.

முதலாளிகளிடம் ஒரு வார்த்தை. டூலுக்கு ஆண்டுக்கு எவ்வளவு என்று பேரம் பேசுங்கள், தப்பில்லை. அதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி ஐ.டி. தம்பிக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் எங்கே இருக்கிறது, எந்த விண்டோஸ், என்னென்ன சாப்ட்வேர், லைசென்ஸ் எங்கே, எடை மேடையின் காம் போர்ட் விவரம் என்ன என்று அவர் எழுதட்டும். அந்த வாரம் பிரிண்டரில் பேப்பர் சிக்கியது என்று அவரை யாரும் கூப்பிடக் கூடாது. அந்த நோட்டு இல்லாமல் டூல் வாங்கினால் அது எதைச் சரி என்று எடுத்துக் கொள்ளும்?

வீட்டில் உங்களுக்கு

ஒரு கம்ப்யூட்டருக்கு இந்த டூல்கள் எதுவும் வேண்டாம். ஆனால் விண்டோஸ் 11-ல் விங்கெட் என்ற சிறிய வசதி உள்ளே இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் டெர்மினல் என்று தேடித் திறந்து கொள்ளுங்கள். டபிள்யூ, ஐ, என், ஜி, இ, டி என்ற ஆறு எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, லிஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கம்ப்யூட்டரில் உள்ள சாப்ட்வேர்களின் பட்டியல் முழுதும் வரும். லிஸ்ட்டுக்குப் பதில் அப்கிரேட் என்று கொடுத்தால் எவற்றுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று காட்டும். எக்ஸ்போர்ட் என்ற கட்டளையில் பைல் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால், தனக்குத் தெரிந்த சாப்ட்வேர்களின் பட்டியலை அந்த பைலில் எழுதி வைக்கும். கம்ப்யூட்டரை பார்மேட் செய்ய வேண்டி வந்தால் இம்போர்ட் கட்டளையில் அதே பைலைக் கொடுங்கள், அவற்றைத் தானே இன்டர்நெட்டில் இருந்து இறக்கி இன்ஸ்டால் செய்யும். டேலி போன்ற சில விங்கெட் பட்டியலில் இல்லாமல் போகலாம். அவற்றை நீங்கள்தான் குறித்து வைக்க வேண்டும்.

அந்த பைலை ஒரு பென் டிரைவில் காப்பி செய்து வையுங்கள். பிரிண்டரின் மாடல் எண்ணையும் குறித்துக் கொள்ளுங்கள். விண்டோஸ் 11 உள்ள பல புதிய லேப்டாப்களில் பிட்லாக்கர் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் 48 இலக்க எண் உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் இருக்கும். அதை மட்டும் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள், அதே லேப்டாப்பில் சேமிக்க வேண்டாம்.